பந்து இல்லாத நாலு பேர்

“பந்து வச்சிருக்கறவனை நான் பாத்துக்கறேன். மத்த நாலு பேரை நீங்க பாத்துக்கிறீங்களா?”

“நாலு பேரா? எனக்கு ரெண்டு கண்ணுதாங்க இருக்கு.”

“எனக்கும் ரெண்டுதான். அதனாலதான ஒரு ஆள் தேவைப்படுது.”

எட்டுக் கோடைக்கு முன்னால், திண்டுக்கல் கூடைப்பந்து அரங்கின் வாசலில், முன்பின் தெரியாத இரண்டு பேர் பேசிக்கொண்டது இது. அமலி அதை வார்த்தை பிசகாமல் நினைவில் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும்போது, நோயாளியை மூச்சை அடக்கச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்துவாளே, அந்த இரண்டு நொடி இடைவெளியில்கூட அது அவள் காதில் வந்து போகும்.

கோடைக் காட்சி ஆட்டங்களுக்கு இணைச்சீட்டு மட்டும்தான் உண்டு. லீக் அணிகள் புதிதாக எடுத்த பையன்களை மே மாதத்தில் பத்து நாள் ஆடவிடும். அவர்களை மதிப்பிடுவது ரசிகர்களின் வேலை. ஒருவர் பந்தோடு ஓடுகிறவனைப் பார்க்க வேண்டும். இன்னொருவர், பந்து கையில் இல்லாத நாலு பேரும் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் இருவரும் சேர்ந்து ஒவ்வொரு பையனுக்கும் ‘ஏற்பு’ அல்லது ‘விடுப்பு’ என்று பதிவு செய்வார்கள். அரங்கில் இருக்கும் நாலாயிரம் இணைகளின் பதிவைக் கூட்டித்தான் எவனுக்கு ஒப்பந்தம், எவனுக்கு ஊருக்கு பஸ் என்று முடிவாகும்.

அன்றைக்கு அமலியின் அண்ணனுக்குக் காய்ச்சல். தயாபரனின் நண்பன் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டான். தனி ஆளை உள்ளே விடமாட்டோம் என்று காவலாளி சொல்ல, இரண்டு பேரும் வெயிலில் நின்றார்கள். தயாபரனுக்குப் பல் செட் செய்யும் தொழில். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். அந்தக் கையால் நெற்றிக்கு நிழல் கட்டிக்கொண்டுதான் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

அதற்கப்புறம் எந்தக் கோடையிலும் அவர்கள் வேறு ஆளைத் தேடவில்லை. அவள் எப்போதும் அவனுக்கு இடப்பக்கம் உட்காருவாள்.

இரண்டாவது வருஷம் வருங்காட்டி வந்தது. பார்ப்பதற்கு சாதாரணக் கண்ணாடிதான். அதைப் போட்டுக்கொண்டு ஒருவனைப் பார்த்தால், அவன் மேலே நீல நிறத்தில் இன்னொரு உருவம் எழும்பும். அவனேதான், பத்து ஆண்டு கழித்து. தசை எப்படித் திரளும், முழங்கால் எங்கே தேயும், இன்று இருக்கும் பழக்கம் நாளை எதில் கொண்டுபோய் விடும் என்றெல்லாம் கணக்குப் போட்டு, அந்த உருவத்தை நடமாட விடும். தலைக்கு மேல் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் மிதக்கும். ரசிகர்கள் அன்றோடு ஆட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நீலத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எழுபதுக்கு மேல் ஏற்பு, ஐம்பதுக்குக் கீழே விடுப்பு. யோசிக்க ஒன்றுமில்லை.

பிறகு அது அரங்கைத் தாண்டியது. பள்ளிக்கூடச் சேர்க்கைக்கு வந்தது, வேலைக்கான நேர்காணலுக்கு வந்தது. பெண் பார்க்கும் வீட்டுக்கும் வந்தது. மாப்பிள்ளையின் வருங்கால வழுக்கையைப் பார்த்துவிட்டு, ஊற்றி வைத்த காபியைத் தொடாமல் எழுந்துபோன பெண்வீட்டார் உண்டு. ஆனால் அரங்குக்குள் மட்டும் ஒரு மரியாதை இருந்தது. கண்ணாடி ஆடுகளத்துக்கு மட்டும்தான். பக்கத்தில் இருக்கிறவர் மேல் திருப்பக்கூடாது.

மூன்றாவது கோடையில் அமலி அதை மீறினாள். வேண்டுமென்று இல்லை.

“அமலி, கடலை” என்று அவன் பொட்டலத்தை நீட்ட, கண்ணாடியைக் கழற்றாமலே திரும்பிவிட்டாள்.

அரை நொடிதான். காதோரம் நரைத்த தயாபரன் நீல நிறத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில், அவள் இருக்க வேண்டிய இடத்தில், யாரும் இல்லை.

அவள் கண்ணாடியைப் பிடுங்கி மடியில் போட்டாள்.

“என்னாச்சுங்க?”

“கண்ணு கூசுது.”

அந்த வருஷம் ஆட்டங்கள் முடியும் நாளில் அவனிடம் கேட்டுவிட வேண்டும் என்று அவள் ஒன்றை மனதில் வைத்திருந்தாள். பெண்பிள்ளை முந்திக்கொண்டு கேட்பதா என்று வெட்கப்பட்டு, பரவாயில்லை என்று தேறி, வீட்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்று சொல்லிக்கூடப் பார்த்திருந்தாள். கேட்கவில்லை. எதற்குக் கேட்பது? வருங்காட்டி பொய் சொல்லி அவள் பார்த்ததே இல்லை. தொண்ணூறு என்று அது சொன்ன பையன்கள் தொண்ணூறை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். முப்பது என்று சொன்னவர்களை அப்புறம் யாரும் எந்த மைதானத்திலும் பார்க்கவில்லை.

அதற்காக அவளால் வராமலும் இருக்க முடியவில்லை. வருஷத்தில் முந்நூற்றைம்பத்தைந்து நாளை எப்படியோ தள்ளிவிட்டு, பத்து நாளுக்காக நல்ல சேலையை இஸ்திரி போட்டு வைப்பாள். வரன் வந்தால், “இந்த மே மாசம் போகட்டும்மா” என்பாள். “எந்த மே மாசம்னு வருஷத்தோட சொல்லுடி” என்று அம்மா கேட்டு ஓய்ந்துபோனாள். அமலிக்கு முப்பத்தாறு முடிந்துவிட்டது.

இது ஒன்பதாவது கோடையின் கடைசி ஆட்டம். முதல் கால்பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போது, களத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் தயாபரன் சொன்னான்:

“அடுத்த வருஷம் நீங்க வேற ஆளைப் பாத்துக்கங்க, அமலி. மஸ்கட்ல பல் செட் பண்ற ஒரு கம்பெனியில கூப்பிடுறாங்க. வியாழக்கிழமை கிளம்புறேன்.”

“எத்தனை வருஷத்துக்கு?”

“அஞ்சுன்னு எழுதியிருக்கு. புடிச்சுப்போச்சுன்னா அங்கயே இருந்துடலாம்னு…”

“நல்லதுதான்” என்றாள் அமலி.

அதைச் சொன்ன வாய் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அவன் ஏதோ எதிர்பார்த்தவன் போல அவளைப் பார்த்துவிட்டு, ஆட்டத்துக்குத் திரும்பினான். ஆக, நீலம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. வியாழக்கிழமையோடு அது உண்மையாகிவிடும்.

“ஏய் முப்பத்தொண்ணு! உனக்கு எதுக்குடா இவ்ளோ வேர்வை? போய் பஸ்ஸுக்கு நில்லு!”

பின் வரிசை லூர்துசாமி அண்ணன்தான். பையன்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை அவர் நிறுத்தி வருஷங்கள் ஆகின்றன. அவர் இணை அவர் மனைவி. “கத்தாதீங்க, பிரஷர் ஏறும்” என்பது ஒன்றுதான் ஆட்டத்தில் அந்த அம்மாளின் பங்கு.

முப்பத்தொன்று என்ற எண் மிதந்தது எழிலன் தலைக்கு மேல். ஒல்லியான பையன், பந்தை எறியும்போது எங்கேயோ பார்ப்பான். அவனைப் போலவே ஒதுக்கப்பட்ட இன்னொருவன் ஜெனிஸ்டன்; முப்பத்து நாலு. குறைந்த எண்கள் இரண்டைச் சேர்த்து எந்தப் பயிற்சியாளரும் களமிறக்க மாட்டார். பத்து நாளும் ஒருவன் ஆடும்போது மற்றவன் பெஞ்சில்தான் இருந்தான்.

மூன்றாவது கால்பகுதியில் ஓர் எண்பத்தேழு கணுக்கால் சுளுக்கி விழுந்தது. வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் ஒன்றாக இறங்கினார்கள்.

அமலி தன் வழக்கப்படி பந்து இல்லாதவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழிலன் பந்தை வாங்கியதுமே ஜெனிஸ்டன் எதிர்த் திசையில் இரண்டடி வைத்தான், சட்டென்று திரும்பினான், ஆளில்லாத மூலையை நோக்கி ஓடினான். எழிலன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே பந்தை அந்த மூலைக்கு எறிந்தான்.

கண்ணாடியில் நீல எழிலன் எறிந்த பந்து யார் கையிலும் படாமல் கோட்டைத் தாண்டி வெளியே போனது. ‘தவறு’ என்று எழுத்து மின்னியது. அரங்கமோ ஆரவாரித்தது.

அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். பந்து வளையத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஜெனிஸ்டன் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினான்.

அடுத்த முறையும் அப்படித்தான். கண்ணாடிக்குள் வெறும் மூலைக்கு எறிகிற ஒரு கிறுக்கன். கண்ணாடிக்கு வெளியே, ஒருவன் மனதில் நினைத்த இடத்துக்கு மற்றவன் வந்து நிற்கிறான். ஏழு நிமிஷத்தில் பத்தொன்பது புள்ளி.

“இவன் உருவம் எறியற பந்தை அவன் உருவம் ஏன் வாங்க மாட்டேங்குது?” என்று கேட்டாள்.

“எப்படி வாங்கும்?” என்றான் தயாபரன். “அது ஒவ்வொருத்தரையும் தனியாத்தான கணக்குப் போடுது. சுத்தி இருக்கறவங்களை எடுத்துட்டுத்தான் உருவத்தைக் காட்டும். கையேட்டுல மொதப் பக்கத்துலயே போட்டிருக்கானே.”

“கையேடெல்லாம் படிச்சீங்களா?”

“பல்லு காய நாப்பது நிமிஷம் ஆகும். கையில கெடைச்சதைப் படிப்பேன்.”

“எடுத்துட்டுன்னா? கூட யாரு இருந்தாலுமா?”

“யாரு இருந்தாலும்.”

அப்படியென்றால், மூன்றாவது கோடையில் அவனுக்குப் பக்கத்தில் அமலி பார்த்த வெறுமை?

பின்னால் லூர்துசாமி அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். “பாத்தியா பாஸை! லீக்குல இந்த மாதிரி பாத்து எத்தனை வருஷமாச்சு! பூரா பயலும் தானே போட்டுத் தானே கைதட்டிக்கறான். அடுத்தவன் மூஞ்சியப் பாக்கவே மாட்டேங்கறானுங்க. எவன்யா இவனுங்களையெல்லாம் பொறுக்கியெடுத்தது?”

“நீங்கதான்” என்றாள் அவர் மனைவி.

லூர்துசாமி அண்ணன் மெதுவாக உட்கார்ந்தார். அக்கம்பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. எட்டு வருஷமாக, தனியாக நிற்கும்போது அழகாகத் தெரிகிறவர்களாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள். இன்னொருவன் இருந்தால் மட்டும் துளிர்க்கிற பையன்கள் எத்தனை பேரை பஸ் ஏற்றி அனுப்பினார்களோ! அதில் பாதிக்கு அமலியும் சம்மதித்திருக்கிறாள். பந்து இல்லாதவர்களைப் பார்ப்பதற்கென்றே வந்தவள்.

ஊதல் ஒலித்தது. ஆட்டம் முடிந்தது. எதிர் இருக்கையின் முதுகில் பதிவுப்பலகை ஒளிர்ந்தது. இணையில் இருவரும் பெருவிரல் வைத்தால்தான் பதிவாகும். தயாபரன் எழிலனின் பெயருக்கு நேரே விரலைக் கொண்டுபோனான்.

“முப்பத்தொண்ணு. வழக்கம்போல விடுப்புதானே?”

“இருங்க.”

அவள் நெற்றியில் இருந்த வருங்காட்டியைக் கண்ணுக்கு இறக்கினாள். எட்டாயிரம் பேர் இருக்கிற அரங்கில், மரியாதை தெரிந்த யாரும் செய்யாத காரியத்தைச் செய்தாள். நேராகத் திரும்பி அவனைப் பார்த்தாள். இந்த முறை அரை நொடியில் கண்ணை எடுக்கவில்லை.

“அமலி! என்ன பண்றீங்க?”

நரைத்த தயாபரன் நீலமாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் யாரும் இல்லை. இருந்தாலும் தெரியப்போவதில்லை. அவள் அவன் பக்கத்து வெறுமையை விட்டுவிட்டு அவனைப் பார்த்தாள். தனியாக இருக்கிறவன் போல அவன் நிமிர்ந்து உட்காரவில்லை. உடம்பு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. தன்னைவிடக் குள்ளமான யாரோ சொல்வதைக் கேட்க, தலையைத் தாழ்த்தியிருந்தான். உதடு அசைந்தது. நின்றது. ஒருவர் ஒரு வாக்கியம் பேசி முடிக்கிற நேரம் காத்திருந்தான். அப்புறம் சிரித்தான். சிரித்துக்கொண்டே, வெள்ளைப் பொடி ஒட்டிய கையால் காற்றில் எதையோ இதமாகத் தட்டிக்கொடுத்தான்.

அவனுக்கு இடப்பக்கம் ஒருத்தி இருக்கிறாள். பத்து வருஷம் கழித்து நிச்சயமாக இருக்கிறாள்.

அது யார் என்று வருங்காட்டிக்குத் தெரியாது. மஸ்கட்டில் அவன் இன்னும் சந்திக்காத யாராவதாக இருக்கலாம். அவனுக்கு வீட்டில் பார்த்து வைக்கப்போகும் பெண்ணாக இருக்கலாம். எந்தக் கணக்கும் அந்த இடத்தை நிரப்பித் தராது. அதைத் தெரிந்துகொள்ள உலகத்தில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதை அவள் ஆறு வருஷமாக வாய்க்குள் வைத்துக்கொண்டு, பயப்பட்டு, மே மாதத்துக்கு மே மாதம் தள்ளிப்போட்டிருந்தாள்.

கண்ணாடியைக் கழற்றினாள். நீலம் போய்விட்டது. இன்றைய தயாபரன், நரை இல்லாதவன், முகம் வெளிறி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னங்க தெரிஞ்சுச்சு?” அவன் குரல் இறங்கியிருந்தது. “எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க.”

“சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. கேக்கத்தான் ஒண்ணு இருக்கு.”

பதிவுப்பலகை அவர்கள் விரலுக்காக மினுக்கிக்கொண்டே இருந்தது. மக்கள் எழுந்து வாசலுக்கு நகர்ந்தார்கள். கடந்து போகிறவர்களின் முழங்கால் அவள் மேல் இடித்தது. அவள் நகரவில்லை. நிலைக்கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருந்த வாக்கியம் அவளுக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. வாயில் வந்ததைச் சொன்னாள்.

“தயா, என்னைக் கட்டிக்கிறீங்களா? மஸ்கட்டோ திண்டுக்கல்லோ, எங்கயா இருந்தாலும் சரி. என்னைக் கூடவே வச்சுக்கங்க.”