எழுபத்தாறு டிகிரி

தன் கையால் ஊற்றிய தேநீருக்குள் ஒருத்தன் தெர்மாமீட்டரை விடுவான் என்று மர்ஜான் கனவிலும் நினைத்ததில்லை.

அவன் விட்டான். தலைமுடியில் இருந்து மழை சொட்டச் சொட்ட, கைக்குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல அவ்வளவு அக்கறையாக...

"எழுபத்தாறு டிகிரி," என்றான்.

அவள் நிமிர்ந்தாள். அப்போதுதான் அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள். தூக்கம் கெட்ட கண்கள். ஆனாலும் ஓரத்தில் ஒரு சிரிப்பு... கோபம் வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்து தொலைத்தது. அதனாலேயே கோபம் இரண்டு மடங்கானது.

"நான் வானிலை நிலையத்துல வேலை பாக்குறேன். மழைக்கு, காத்துக்கு, மண்ணுக்கெல்லாம் தெர்மாமீட்டர் வெச்சுப் பாப்போம். டீயில வெச்சு இப்பதான் பாக்குறேன்."

"அறுபத்தஞ்சைத் தாண்டினா தொண்டைக்கு ஆகாதுங்க. பழக்கதோஷம்... கை தானா போயிடுச்சு."

கஸாக்ஸ்தானில், அரால் கடல் பக்கத்துப் புல்வெளியில் மழை என்பதே அபூர்வம். அது அன்றைக்கென்று கொட்டித் தீர்த்து, கிஸில்ஒர்தா நகரத்தில் இருந்து வந்த மருத்துவ வண்டியைச் சேற்றில் இறக்கிவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரே வீடு இவர்களுடையது. கதவைத் தட்டியவன்தான் டாக்டர் தௌரென். மர்ஜானின் அப்பா ஒராஸ்பாய் அவனை உள்ளே இழுத்து உட்கார வைத்துவிட்டார்.

அந்தப் பக்கத்தில் விருந்தாளிக்குக் கிண்ணத்தில் கால்வாசிதான் ஊற்றுவார்கள். அவர் சூடாகக் குடித்துவிட்டு நீட்ட நீட்ட, திரும்பத் திரும்ப ஊற்றுவார்கள். அதுதான் மரியாதை. விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தால், கிளம்பலாம் என்று அர்த்தம்.

மர்ஜான் விளிம்பு வரை ஊற்றினாள்.

தௌரெனும் கஸாக்காரன்தானே, புரியாமலா இருக்கும்? கிண்ணத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு நிதானமாகச் சம்மணத்தை மாற்றிப் போட்டுக்கொண்டான்.

"முழுக் கிண்ணம் ஆற நேரமாகும். ஆறாம குடிக்கவும் மாட்டேன்... அதுவரைக்கும் உக்கார வேண்டியதுதான்."

ஒராஸ்பாய் குலுங்கிச் சிரித்தார். சிரித்தபடியே தன் கிண்ணத்தில் ஒரு மடக்கு குடித்தவர், சட்டென்று நின்றார். கை நெஞ்சுக்குப் போனது. ஒரு நொடிதான். அப்புறம் கிண்ணத்தைச் சாய்த்து வைத்தார், போதும் என்று. ஒரு உட்காரலில் பத்துக் கிண்ணம் குடிக்கிற மனுஷர் அன்றைக்கு இரண்டோடு நிறுத்தினார்.

தௌரென் அதைக் கவனித்தான்.

மழை விட்டதும் அவனை வழியனுப்ப மர்ஜான் வெளியே வந்தாள். சிரிப்பு போன முகத்தோடு அவன் கேட்டான்.

"சூடா ஏதாவது இறங்குனா அப்பாவுக்கு நெஞ்சுல குத்துதா?"

இதே கேள்வியை நாலு வருஷத்துக்கு முன் இன்னொரு டாக்டர் கேட்டிருக்கிறார், அம்மாவைப் பற்றி. அம்மாவிடம் புண் என்றுதான் சொன்னார்கள். ஊரிலும் அதையேதான் சொன்னார்கள். 'இந்தப் புண்ணு எப்போ ஆறும்?' என்று அம்மா தினமும் கேட்பாள். 'ஆறிடும்மா' என்று சிரித்துவிட்டு, ஒட்டகக் கொட்டகைக்குப் போய் அழுதுவிட்டு வருவாள் மர்ஜான். அந்த நோயின் பேரை அந்த வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை.

"நாளைக்கு வண்டி ஊருக்குள்ள நிக்கும், அங்க கூட்டிட்டு வாங்க. வாய் வழியா கேமராக் குழாய் விட்டுப் பாத்துடலாம்."

"வர்றேன். ஆனா எதுவா இருந்தாலும் என்கிட்ட மட்டும் சொல்லுங்க. அவர்கிட்ட புண்ணுன்னு சொல்லிடுங்க."

"அது முடியாதுங்க."

"ஊர் உலகத்துல எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க?"

"அவரோட உடம்பு. அவருக்குத் தெரியாம நான் கை வைக்க மாட்டேன்."

"அப்ப நீங்க கை வைக்கவே வேண்டாம்."

கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அப்பா போய்விட்டால் என்ன செய்வேன்... உண்மை தெரிந்து அவர் ஒடிந்துவிட்டால் என்ன செய்வேன்... இரண்டு நாள் இதே யோசனைதான். மூன்றாம் நாள் மத்தியானம் வண்டி கிளம்புகிறது என்று கேள்விப்பட்டதும், வீராப்பையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு ஓடினாள்.

வண்டி வாசலில், தொப்பியைக் கையில் பிடித்தபடி வரிசையில் அப்பா நின்றிருந்தார்.

"நீ எப்படிப்பா இங்க?"

"குத்துதும்மா. பனி விழுந்த நாள்லேந்தே."

"ஏன் சொல்லல?"

"அம்மாவுக்கும் அது, அப்பனுக்கும் அதுன்னு தெரிஞ்சா உன்னைப் பொண்ணு கேட்டு எவன் வருவான்? உன்னை ஒரு வீட்டுல குடுத்துட்டுப் பாத்துக்கலாம்னு இருந்தேன்." தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த டாக்டர் என் கையைப் பாத்த பார்வை இருக்கே... அதுக்கப்புறம் தூக்கமே வரல. உங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும், குட்டி. 'எனக்காக நடிச்சு நடிச்சு நீங்க ஓஞ்சு போயிட்டீங்க'ன்னு கடைசி வாரம் என்கிட்ட சொன்னா. மனசு விட்டு ஒரு நாள்கூட நாம அவகூட அழலையே..."

மர்ஜான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வரிசையில் நின்றே அழுதாள். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்றிருந்தது.

"உங்க மகளும் பாக்கலாமா, ஐயா?" என்று வண்டிக்குள்ளே, குழாயை விடும் முன் தௌரென் கேட்டான். அப்பா தலையசைத்தார்.

குழாய் இறங்கியதும் திரையில் அவருடைய உணவுக்குழாய் திறந்தது. இளஞ்சிவப்பில், ஈரமாக மினுங்கும் ஒரு நீண்ட வழி... பக்கத்துச் சுவர் மெல்லத் துடித்தது.

"அது என்ன?"

"இதயம். பின்னால இருந்து தட்டுது."

தினம் வானத்தைப் பார்க்கிறவள் அவள். இந்த மனுஷருக்குள்ளே, யாரும் பார்க்காத இடத்தில், இவ்வளவு அழகாக ஒன்று அறுபத்திரண்டு வருஷமாக வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறதே... திட்டியபோதும், தூங்கியபோதும், அம்மாவுக்காக அழுதபோதும்! கும்பிட வேண்டும் போல இருந்தது.

நல்ல தோலில் மட்டும் நிறம் பிடிக்கும் அயோடினைத் தௌரென் தெளித்தான். வழி முழுக்கப் பழுப்பானது. ஒரே ஒரு இடம் மட்டும், விரல் நகம் அளவுக்கு, நிறம் பிடிக்காமல் வெளிறிக் கிடந்தது.

"அதுவா?" என்று விரல் நீட்டிக் காட்டினாள்.

"இருக்கலாம். ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்புறேன். ரெண்டு வாரத்துல தெரியும்."

"ஏன் வருது இது? டீயா? இல்ல எங்க ரத்தமா?"

"கொதிக்கிற டீ, புகையிலை, சாப்பாடு, ரத்தம்... எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கலாம். முழுசா யாருக்கும் தெரியாதுங்க. சாபம் இல்ல, அது மட்டும் நிச்சயம்."

இரண்டு வாரம் கழித்து அவனே வந்தான். புல்வெளி முழுக்க டூலிப் பூத்திருந்தது, சிவப்பும் மஞ்சளுமாக. அவளைத் தாண்டி நேராக அப்பாவிடம் போய், எதிரே உட்கார்ந்தான்.

"புற்றுநோய்தான், ஐயா. ஆனா மேல்தோலோட நிக்குது. அல்மாட்டி ஆஸ்பத்திரியில வாய் வழியாவே சீவி எடுத்துடுவாங்க. அதுக்கப்புறம் வருஷா வருஷம் பாக்கணும்."

ஒராஸ்பாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "பேரைச் சொன்னாலே ஆளை முழுங்கிடும்னு நெனச்சேன்," என்றார். "நீ சொல்லிட்ட... நான் உக்காந்துதானே இருக்கேன்."

எழுந்து போய் ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டினார்.

வாசலில் இவர்கள் இருவரும்தான்.

"ஃபோன்லயே சொல்லியிருக்கலாமே," என்றாள் மர்ஜான். "நானூறு கிலோமீட்டருக்கு மேல..."

"சொல்லியிருக்கலாம்தான்..."

"எங்கம்மா போனதும் புற்றுநோயிலதான்." முதல்முறையாக அந்த வார்த்தை அவள் வாயில் இருந்து வந்தது. வந்ததும் கொஞ்சம் லேசாகவும் இருந்தது. "நாளைக்கு எனக்கும் வரலாம். தெரியாம யாரும் என்மேல ஆசை வெச்சுடக் கூடாது."

"பொண்ணு பாக்க வர்றவங்க வீட்டைச் சுத்திப் பாத்துட்டுப் போவாங்க. நான் உங்கப்பா தொண்டைக்குள்ளயே போய்ப் பாத்துட்டேன்." அவன் சிரிக்க முயன்றான். "எல்லாம் தெரிஞ்சுதான் கேக்குறேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, மர்ஜான்."

அவள் பூக்களைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல் அந்தக் கண்களைப் பார்த்தாள்.

"இன்னும் ஒண்ணு மறைச்சு வெச்சிருக்கேன்..."

"என்ன?"

"முதல் நாளே எனக்கும் பிடிச்சிருச்சு. எங்க வீட்டுல எதையுமே வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்ல, டாக்டர்... இப்பதான் பழகுறோம்."