எழுவாய் இல்லாத வாக்கியம்

ஞாயிறு காலை 8.10.

இரும்பு அலமாரியைத் திறந்த கமா டீச்சர் உள்ளே கையை விட்டுத் துழாவினார். கை வெறுமையாக வெளியே வந்தது. கணக்குப் பகுதியின் கேள்வித்தாள் கட்டு அப்படியே இருந்தது. மொழிப் பகுதியின் கட்டைத்தான் காணவில்லை.

மருந்துக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இயங்கிய அந்தப் பயிற்சி மையத்தில் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்கு ஆள் தயார் செய்தார்கள். அன்று ஒன்பதரை மணிக்கு மாதிரித் தேர்வு. அதில் முன்னால் வருகிற சிலருக்குக் கடைசி மாதச் சிறப்பு வகுப்பு இலவசம். அந்த இடத்துக்காகப் பலர் தூக்கத்தைத் தொலைத்திருந்தார்கள்.

கமா டீச்சர் என்பது மாணவர்கள் வைத்த பெயர். மையத்தில் ஆங்கில இலக்கணமும் படித்துப் புரிந்து விடை சொல்லும் கேள்விகளும் அவர் பாடம். ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதிவிட்டு, "இதுல வர்ற 'அவர்' யாரு? ரெண்டு பேர்ல யாருன்னு சொல்ல முடியலைன்னா வாக்கியம் தப்பு" என்பார். பத்தி கொடுத்துக் கேட்கும் கேள்விகளுக்கு அவரிடம் ஒரே சட்டம்தான்: "பத்தியில இல்லாததை விடையில சேர்க்காதீங்க." அந்தக் கூர்மையால் மையத்தில் தொலைந்த கைபேசியையும் யாரோ தள்ளிக்கொண்டு போன புரொஜெக்டரையும் கண்டுபிடித்திருக்கிறார். எது காணாமல் போனாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"டைரக்டர் சார் ஸ்டேஷன்ல இறங்கிட்டாங்களாம் டீச்சர். இப்ப வந்துடுவாங்க" என்றாள் வரவேற்பு மேசைப் பெண், விஷயம் தெரியாமல்.

டைரக்டர் பெட்டியும் கையுமாக வந்து சேர்ந்தார். அலமாரியைப் பார்த்தார்.

"பூட்டு உடையல. சாவி ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, நான் ரெண்டு நாளா ஊர்லயே இல்ல. இன்னொண்ணு?"

"என் கைப்பையில" என்றார் டீச்சர். "நேத்து சாயங்காலம் பிள்ளைங்க எல்லாரும் போனப்புறம் நானே கட்டை வெச்சுப் பூட்டினேன். நேரா வீட்டுக்குப் போனேன். தம்பியும் பின்னாடியே வந்தான். டிபன் சாப்பிட்டுட்டு, பெட்ரோல் போடணும்னு கிளம்பினான், கொஞ்ச நேரத்துல திரும்பி வந்துட்டான். நான் எங்கயும் போகல."

தம்பி என்றால் கணக்கு சார். அதே மையத்தில் கணக்கு எடுக்கிறார். படிக்கட்டின் திருப்பத்தில் பெரிதாக மாட்டியிருந்தது அவர் படம்தான்: 'இரு பகுதிகளிலும் முதலிடம்'. இந்த முறை ஆசிரியர்களும் மாணவர்களோடு உட்கார்ந்து தேர்வு எழுத வேண்டும், மதிப்பெண்ணை ஒன்றாக ஒட்டுவோம் என்று வியாழக்கிழமைதான் டைரக்டர் அறிவித்திருந்தார். நல்ல விளம்பரம் என்பது அவர் எண்ணம்.

"பூட்டினப்புறம் யாராவது வந்தாங்களா?" டீச்சர் மேசைப் பெண்ணைக் கேட்டார்.

"நர்ஸ் அக்கா வந்தாங்க. ஸ்டாஃப் ரூம் வாசல்ல கணக்கு சாரைப் பார்த்து ஏதோ கேட்டாங்க. கையில பெரிய பை. நிக்கக்கூட இல்ல, அவசரமாப் படி இறங்கிப் போயிட்டாங்க."

டீச்சர் திரும்பி, அதற்குள் வந்து நின்றிருந்த தம்பியைப் பார்த்தார்.

"கண்ணாடியை மறந்துட்டேன், எடுக்க வந்தேன்" என்றார் கணக்கு சார். "அவங்க ஏதோ சந்தேகம் கேட்டாங்க. நாளைக்குப் பார்க்கலாம்னேன்."

தேர்வு எழுத வந்த மாணவர்களில் ஒருவரான நர்ஸ் ஏற்கெனவே தேர்வு அறையில் இருந்தார். இரவு வேலை முடிந்து நேரே வந்தவர். கணக்கில் கெட்டி, மொழிப் பகுதியில் தத்தளிப்பவர். வகுப்பில் முதல் வரிசையில் அவர் உட்காரும் இடத்துக்கு எதிரேதான் டீச்சர் தன் கைப்பையை வைப்பது வழக்கம்.

டீச்சரின் மனத்தில் விடை எழுதப்பட்டுவிட்டது.

காலை 8.40. தேர்வு அறை பாதி நிறைந்திருந்தது.

"நேத்து சாயங்காலம் திரும்ப எதுக்கு வந்தீங்க?"

"ஒரு கணக்குல சந்தேகம் டீச்சர்."

"கட்டை எங்க வெச்சிருக்கீங்க?"

"எந்தக் கட்டு?"

"பையைக் காட்டுங்க."

நர்ஸ் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "டீச்சர், தனியா வேணா காட்டறேனே. எல்லாரும்..."

"மடியில கனம் இல்லைன்னா இங்கயே காட்டலாமே. கொட்டுங்க."

நர்ஸ் கொட்டினார். மடித்த சீருடை. டிபன் பாக்ஸ். ஒரு குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ். செய்தித்தாளில் சுற்றிய நாப்கின் பொட்டலம். அது உருண்டு தரையில் விழுந்து பிரிந்தது. பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ரப்பர் பேண்ட் அறுந்து சின்னச் சின்ன அட்டைகள் சிதறின. ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கண விதி. டீச்சர் வகுப்பில் சொன்ன சொற்கள், சொன்னது சொன்னபடியே.

கட்டு இல்லை.

கணக்கு சார் குனிந்து அட்டைகளைப் பொறுக்கிக் கொடுத்தார். நல்ல மனுஷன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

"வேற எங்கயாவது வெச்சுட்டு வந்திருக்கலாம்" என்றார் டைரக்டர். "போலீசைக் கூப்பிடவா?"

"ஆஸ்பத்திரிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும் சார்." நர்ஸின் குரல் மிகவும் சின்னதாக இருந்தது. "நான் எடுக்கல. வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

அவர் எழுந்து போய்விடவில்லை. சாமான்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு, அதே இடத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த பெண் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

டீச்சர் வெளியே வந்தார். ஏதோ உறுத்தியது. கேள்வியைப் பார்க்க வேண்டும் என்றால் முத்திரையை உடைத்து ஒரு தாளை உருவினால் போதும். முழுக் கட்டையும் எதற்குத் தூக்க வேண்டும்?

வரவேற்பு மேசையில் தொலைபேசி ஒலித்தது. அந்தப் பெண் எடுத்தாள்.

"டைரக்டர் சார் உள்ள இருக்காங்க. கணக்கு சாரா? இப்பத்தான் கீழ போனாங்க, வண்டிகிட்ட நிக்கறாங்க."

டீச்சர் நின்றுவிட்டார். அந்தப் பெண் ரிசீவரை வைக்கும்வரை காத்திருந்தார்.

"கையில பை, படி இறங்கிப் போயிட்டாங்கன்னியே. யாரு போனா?"

"சார்தான் டீச்சர்."

"நர்ஸ்?"

"அக்கா அப்புறமும் இங்கதான் நின்னு தண்ணி குடிச்சாங்க."

"இதை முதல்லயே சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே டீச்சர்" என்றாள் அவள், உண்மையான குழப்பத்தோடு.

காலை 9.05. கீழே, வண்டி நிறுத்தும் இடம்.

"சீட்டைத் திற."

"அக்கா..."

"திற."

ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் ஒரு பை, பைக்குள் கட்டு. அரக்கு முத்திரை உடையாமல் இருந்தது.

கணக்கு சார் நிமிரவில்லை. "அந்தப் படத்துல இருக்கறது பொய் அக்கா. கணக்குல முதலிடம், அது நிஜம். மொழிப் பகுதியில பாதிகூட வரல. உன்கிட்ட அதைச் சொல்ல வாய் வரல. ரெண்டுலயும் முதலிடம்னு நீ ஊர் முழுக்கச் சொன்னே. நீ முதல்முதல்ல இலக்கணம் சொல்லிக் கொடுத்ததே எனக்குத்தானே. எனக்கே ஏறலைன்னா உன்னைப் பார்த்து என்ன பேசுவாங்க?"

"என் பேரை இதுல இழுக்காதே."

"இன்னிக்குத் தேர்வு நடக்காம போனா போதும்னு நினைச்சேன். வேற ஒண்ணும் நினைக்கல." அவர் குரலைத் தாழ்த்தினார். "அலமாரிக்குப் பின்னாடி விழுந்திருந்துச்சுன்னு சொல்லிடலாம்க்கா. அந்தப் பொண்ணுக்கும் பழி போயிடும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

டீச்சர் உடனே மறுக்கவில்லை. மறுக்கத் தோன்றாத அந்தச் சில நொடிகளைத்தான் பிறகு அவரால் மன்னிக்க முடியவில்லை. அலமாரிக்குப் பின்னால் அகலமான இடுக்கு உண்டு. எல்லாரும் நம்புவார்கள். அக்கா, தம்பி, இருவர் மானமும் தப்பும்.

"அவங்க பையைக் கொட்டினப்போ நீ பக்கத்துலதானே நின்னே?"

"ஆமா."

"நானும் நின்னேன். மேல வா."

காலை 9.20. தேர்வு அறை.

டீச்சர் கட்டை மேசைமேல் வைத்தார். வகுப்பில் ஒருபோதும் தடுமாறாத குரல் அன்று தடுமாறியது.

"கட்டை எடுத்தது கணக்கு சார். என் தம்பி."

டைரக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பூட்டினப்புறம் சாவி என் வீட்டுல இருந்துச்சு. நர்ஸ் கைக்கு அது போகவே வழியில்ல. வீட்டுக்கு வந்து போனது தம்பி மட்டும்தான். என்கிட்ட பெட்ரோல்னு சொன்னான், இங்க கண்ணாடின்னு சொன்னான். ரெண்டையும் நான் காதால கேட்டேன். கேள்வியைப் பார்க்கறவங்க முத்திரையை உடைச்சு ஒரு தாளை எடுப்பாங்க. தேர்வே நடக்கக் கூடாதுன்னு நினைக்கறவங்கதான் கட்டையே எடுப்பாங்க. சிறப்பு வகுப்பு வேணும்னு வந்தவங்களுக்கு இந்தத் தேர்வு நடந்தே ஆகணும். நடக்கக் கூடாதுன்னு நினைக்க, உங்களோட உட்கார்ந்து எழுத வேண்டிய ஆசிரியர்கள்ல ஒருத்தருக்குத்தான் காரணம் இருந்துச்சு."

"ஆனா, நர்ஸ் பையோட போனதாப் பொண்ணு சொன்னாளே?" என்றார் டைரக்டர்.

"சொல்லல. 'போயிட்டாங்க'ன்னு சொன்னா. யாருன்னு சொல்லல. நாம ஆம்பளைன்னா 'போயிட்டார்'னு சொல்லுவோம். அந்தப் பொண்ணுக்கு எல்லாருமே 'ஆங்க'தான். உங்களையும் அப்படித்தான் சொல்றா. அந்த வாக்கியத்துக்கு எழுவாயே இல்ல. காலியா இருந்த இடத்துல நான் என் இஷ்டத்துக்கு ஓர் ஆளை உட்கார வெச்சேன். என் தம்பியை வைக்க மனசு வரல."

அவர் முதல் வரிசையைப் பார்க்க முயன்றார். பார்வை நர்ஸின் பைவரைக்கும்தான் போனது.

"நேத்து என்ன பார்த்தீங்கன்னு நான் உங்களைக் கேட்டிருக்கணும். கேட்கல. எங்க வெச்சீங்கன்னு கேட்டேன். உங்க பையைக் கொட்டச் சொன்னது நான். தப்பு என்னோடது. மன்னிச்சுடுங்க."

நர்ஸ் கைக்குட்டையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தார்.

"முத்திரை உடையலையே டீச்சர். தேர்வு நடக்குமா?" என்று அவரே கேட்டார்.

"நடக்கும்."

கணக்கு சார் வாசலுக்குப் போகத் திரும்பினார். இரண்டடி போன கணக்கு சார் நின்றார். திரும்பி வந்து கடைசி வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டீச்சர் தாள்களைக் கொடுத்துக்கொண்டே போனபோது அவரும் கை நீட்டி ஒன்றை வாங்கிக்கொண்டார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தேர்வு முடிந்ததும் நர்ஸ்தான் கடைசியாக எழுந்தார். விடைத்தாளை மேசைமேல் வைத்துவிட்டு ஒரு கணம் நின்றார்.

"இடம் கிடைச்சாலும் இனி நான் இங்க வரல டீச்சர். வேற எங்கயாவது சேர்ந்துக்கறேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நீங்க நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தீங்க."

அவர் படி இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. டீச்சர் அந்த விடைத்தாளைக் கையில் எடுத்தார். திருத்தச் சிவப்புப் பேனாவைத் திறந்தவர், பத்தியில் இல்லாத ஒரு சொல்லும் சேராத முதல் விடையைத் தாண்ட முடியாமல் மூடி வைத்தார்.