உள்ளே போன காற்று

கத்தி முனை இறங்கியதும் மண்ணுருண்டை மூச்சை இழுத்தது.

சின்னச் சத்தம்தான். தூங்குகிற குழந்தை நடுவில் ஒரு மூச்சை ஆழமாக வாங்குமே, அப்படி. டெல்பர்ட் கையை எடுத்துவிட்டார். இரண்டு மண் கிண்ணங்களை வாயோடு வாய் ஒட்டி மூடினால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். ஓட்டை போட்டால் அது புஸ்ஸென்று வெளியே வரும். அவர் செய்த உருண்டைகளில் எல்லாம் வெளியேதான் வந்தது. இதில் உள்ளே போனது. விரல் மேலிருந்த நரைமயிர்கூட ஓட்டைப் பக்கமாகச் சாய்ந்தது.

"என்னடா டெல்பர்ட்டு, கூவுதா?" என்றார் மண் வேலை வகுப்பு மேசைக்கு எதிரே இருந்த ராய்ஸ். நிலக்கரிச் சுரங்கத்தில் கூட வேலை பார்த்த ஆள். அவர் செய்த ஊதல் வாத்து உருவம். முதல் நாள் வகுப்பிலேயே கூவிவிட்டது. அதை நினைத்தாலே டெல்பர்ட்டுக்கு வயிறு எரிந்தது.

"உன் வாத்தத் தூக்கிட்டு அந்த மூலைல போய் முட்டை போடு."

"அதுக்குக் கூவ மட்டும்தான் தெரியும், முட்டை போட இன்னும் பழகல," என்று சிரித்துவிட்டு ராய்ஸ் மறுபடியும் ஊதினார். வேண்டுமென்றே.

மண் ஊதல் செய்ய வேண்டுமென்று டெல்பர்ட் யாரிடமும் கேட்கவில்லை. நுரையீரல் டாக்டர் சொன்னது அது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக் கருவியில் ஊதும்போது முள் மூன்றாம் கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் வீட்டுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வரும். சிலிண்டர் வந்தால் பின்னாலேயே மகள் வருவாள், வீட்டைப் பூட்டி அவரைக் கூட்டிப்போக. ஊதிப் பழகுங்கள், ஊதல் செய்தால் ஆசையாக ஊதுவீர்கள் என்று சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தான் அந்தப் பொடிப்பயல். சிரித்துக்கொண்டு சொல்கிற எதையும் டெல்பர்ட் நம்புவதில்லை. ஆனால் வீடு வேண்டும்.

அவர் செய்தது ஒன்றும் கூவவில்லை. வாயிலிருந்து போகும் காற்று கூரான மண் விளிம்பில் பட்டு இரண்டாகப் பிளக்க வேண்டுமாம். நூலளவு தப்பினால் வெறும் காற்றுதான். சுரங்கத்தில் பாறை பிளந்த கைக்கு இந்த நூலளவு பிடிபடவில்லை. கடைசியில் ஆசிரியை ரோண்டாதான் அலமாரியிலிருந்து இந்த உருண்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"போன மாசம் ஓப்பல் அம்மா மூடி வெச்சது இது. சுத்தமான கை அவங்களுக்கு. நீங்க வாயை மட்டும் வெட்டுங்க, போதும்."

"அவ ஏன் வெட்டல?"

"அவங்க இனிமே வரமாட்டாங்க," என்று ரோண்டா மேசையைத் துடைக்கப் போய்விட்டாள்.

சும்மா வந்த பொருளில் ஏதாவது வில்லங்கம் இருக்கும் என்பது டெல்பர்ட்டின் கட்சி. ஒரு மாதமாக ஈரத்துணி சுற்றாமல் அலமாரியில் கிடந்த மண் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். இது நாக்கைப் போல ஈரமாக இருந்தது. ஆனாலும் ஐஸ் குச்சியை நுழைத்துப் பாதை போட்டார், விளிம்பைச் சீவினார், விரல் துளைகள் குத்தினார். ஊதினார்.

சத்தமில்லை. மறுபடியும் ஊதினார். துளைகளுக்கு நேரே எச்சில் தொட்ட விரலைப் பிடித்துப் பார்த்தார். அதில் ஒரு சிலிர்ப்புகூட இல்லை. உள்ளே போன காற்று எந்தப் பக்கமும் வெளியே வரவில்லை.

"ஓட்டை உருண்டையக் குடுத்து ஏமாத்துறா," என்று முனகிக்கொண்டு அதைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

வெளியே, வண்டிகள் நிற்கிற இடத்தில், மலைக்குப் பின்னால் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. ராய்ஸ் கூடவே வந்தார்.

"அதத் திருப்பிக் குடுத்துடுடா. ஓப்பல் எப்படிச் செத்தாள்னு தெரியுமில்ல? சமையலறை நாற்காலில உக்காந்தபடியே. இருமல்கூடக் கெடையாது அவளுக்கு. மூச்சு நின்னுபோச்சுன்னான் டாக்டர்."

"எல்லாரும் மூச்சு நின்னுதாண்டா சாவுறான்."

"வாய் குவிஞ்சே இருந்துச்சாம். ஊதுற மாதிரி. பெட்டில வைக்கிறப்பகூட மூட முடியலையாம்."

"உன் வாத்துக்குப் போட்டி வந்துடும்னு பயம் உனக்கு," என்று சொல்லி டெல்பர்ட் வண்டிக் கதவைச் சாத்தினார்.

வீட்டில் அடுப்பின் மேல் காலையில் வைத்த பீன்ஸ் ஆறி ஆடை கட்டியிருந்தது. அவர் அதைத் தொடவில்லை. சமையலறை மேசையில் உருண்டையை வைத்து விளக்கைப் போட்டார். குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது, ஜன்னல் சட்டத்தில் காற்று நகத்தால் சுரண்டுவது போலச் சுரண்டியது, ஈர மண்ணின் வாசனை மழைக்குப் பிந்தைய சுரங்க வாயைப் போல அறை முழுக்கக் கனத்துக் கிடந்தது. விளிம்பை இன்னும் கொஞ்சம் சீவினார். ஊதினார். பாதையைத் துடைத்தார். ஊதினார். கண்ணில் பூச்சி பறந்தது. சனியன், ஒரு சத்தம் போட்டால் என்ன? ஒரே ஒரு சத்தம்?

உருண்டை சூடாகியிருந்தது. தன் கைச்சூடு என்று நினைத்தார்.

பழகுவதற்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த கருவி குளிர்பெட்டி மேல் இருந்தது. எடுத்து ஊதினார். காலையில் முள் மூன்றாம் கோட்டைத் தொட்டிருந்தது. இப்போது முதல் கோட்டுக்குப் போகவே நடுங்கியது. இன்னொரு தடவை. அசையவே இல்லை.

டெல்பர்ட் உருண்டையைப் பார்த்தார். பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. யாருக்கும் எதையும் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை அவருக்கு. உள்ளே போனது தன்னுடையது. திரும்பி வர வேண்டும்.

வாயை வைத்து உறிஞ்சினார்.

வந்தது. குளிர்ந்த, பழைய மூச்சு. அதில் புதினா மிட்டாய் வாசனை. வகுப்பில் ஓப்பல் கன்னத்துக்குள் எப்போதும் அடக்கி வைத்திருக்கும் மிட்டாய்.

கையை உதறினார். உருண்டை மேசையில் விழுந்து உருண்டு நின்றது. உடையவில்லை. மெத்தென்று விழுந்தது.

அப்புறம் கூவியது.

மெல்லிய, நீண்ட, சுத்தமான சத்தம். ராய்ஸின் வாத்து இதன் கால்தூசிக்கு ஆகாது. யாரும் ஊதவில்லை. கூவியது. நின்றது. துளைகள் வழியாகக் காற்றை இழுத்தது. ஜன்னல் திரை மேசைப் பக்கமாகச் சாய்ந்தது. மறுபடியும் கூவியது.

ராய்ஸைக் கூப்பிட வேண்டும். தொலைபேசி சுவரில் இருந்தது. எட்டி எடுத்தார். எண்ணை அழுத்தினார்.

"யாரு?" ராய்ஸின் குரல். "டெல்பர்ட்டா? என்னடா... ஏய், கூவுதே! கூவிடுச்சுடா! அடேய் கிழவா, விடாம ஊதுறியே!"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். சொல்லைத் தள்ளக் காற்று வேண்டும். இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்தார். நெஞ்சில், சட்டை மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். காத்திருந்தார். காதில் ராய்ஸ் சிரித்துக்கொண்டே இருந்தார்.

விளக்கடியில் மண்ணின் இரண்டு பக்கமும் புடைத்தன. அமுங்கின. புடைத்தன.

சட்டை மேல் இருந்த கை அசையவில்லை.