அவசரக்குடுக்கைக்கு ஓர் இசை

தையல் கடை வாசல் வரைக்கும் வந்துவிட்டாள் கொசு. உள்ளே போகத்தான் கால் வரவில்லை.

அவள் வயலின் வாசித்தால் காதருகே ஙொய்யென்று கேட்குமாம், அதனால் அந்தப் பெயர். வைத்தவன் அவசரக்குடுக்கை. அவன் செல்லோ வாசிப்பான். செல்லோ என்பது வயலினின் பெரியண்ணன். தரையில் ஊன்றி வாசிக்க வேண்டும். எட்டு எண்ணிவிட்டு நுழைய வேண்டிய இடத்தில் அவன் எட்டு வரைக்கும் பொறுத்ததே கிடையாது.

மூன்று மாதத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்டான். அதற்கும் அவசரம்தான். கொசுவுக்கு இன்னும் அவன்மேல் கோபம்.

அவனை நினைத்து, மூன்று பேர் சேர்ந்து வாசிக்கும்படி ஓர் இசை எழுதியிருந்தாள். நாளை பள்ளி அரங்கில் வாசிக்க வேண்டும். அதில் செல்லோ வேண்டுமென்றே ஏழிலேயே நுழையும்.

அங்கேதான் பயம். செத்துப்போன பிள்ளையைக் கேலி செய்கிறார்கள் என்று அவன் அம்மா நினைத்துவிட்டால்? நூறு பேர் நடுவில் அழுதுவிட்டால்? அதனால் முதலில் அவருக்கு மட்டும் வாசித்துக் காட்ட முடிவு செய்தாள். முன்பெல்லாம் ஒத்திகை அவர் நடத்தும் இந்தக் கடையில்தான். அவன் போன பிறகு யாரும் இந்தப் பக்கம் வரவில்லை.

"திட்டினாங்கன்னா?" என்றான், வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வியோலாவை வாசிக்கும் நெட்டை.

"திட்டட்டும். நாளைக்கு எல்லார் முன்னாடியும் அவங்க அழறதுக்கு இது பரவாயில்ல."

"நான் புதுசா சேர்ந்தவ. எனக்குத்தான் வாசிக்கத் தெரியலன்னு நினைப்பாங்க," என்றாள் செல்லோவைத் தூக்கிக்கொண்டு நின்ற சிறுமி.

கொசு கதவைத் தள்ளினாள். தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது.

"அத்தை... அவனுக்காக ஒண்ணு எழுதியிருக்கேன். உங்களுக்குப் பிடிக்கலன்னா கிழிச்சுப் போட்டுடறேன்."

அத்தை நாற்காலிகளின் மேல் கிடந்த துணிகளை அள்ளி எடுத்து இடம் கொடுத்தார்.

வாசித்தார்கள். ஐந்து, ஆறு, ஏழு. செல்லோ நுழைந்தது.

அத்தையின் முகம் சுருங்கியது.

"நிறுத்துங்க."

கொசுவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"அது எத்தனையில உள்ள வருது?"

"ஏழுல, அத்தை."

"தப்பு."

"தப்புதான் அத்தை. மன்னிச்சிடுங்க. எட்டுன்னே மாத்திடறேன்."

"எட்டா? அவன் ஆறுலயே வந்துடுவானே."

கொசு தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியும் அத்தை. கொஞ்சம் மரியாதையா இருக்கட்டும்னு ஏழு போட்டேன்."

"மரியாதையா? அவனுக்கா?"

அத்தைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணீரும் வந்தது. இரண்டையும் அவர் அடக்கவில்லை. துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்துவந்து, கொசு காட்டிய இடத்தில், இசைத்தாளின் மேல் தடிமனாக ஒரு கோடு இழுத்தார். பிறகு அவர்களுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ம், முதல்லேர்ந்து வாசிங்க. இந்தத் தடவை ஆறுல."