கொதித்த ஜாடி

வெள்ளிக்கிழமை, காலை மணி பத்து. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையின் கடைசிக் கொட்டகையில், ஆராய்ச்சி ஜாடியைத் தாங்கிய இரும்புச் சட்டத்தருகே நெடுமாறன் செத்துக் கிடந்தான். வெறுங்கால். விரலில் சந்தனம் இன்னும் காயவில்லை.

"யாரும் உள்ள போவாதீங்க, கதிர்வீச்சு!" கூட்டாளி செல்வகுமார் வாசலை மறித்துக் கத்தினான். "சாதாரண சூட்டுலயே அணுக்கள் ஒண்ணுசேர்ற குளிர் இணைவு நடந்துடுச்சு மேடம். அதான் அவனைக் கொன்னுடுச்சு."

இன்ஸ்பெக்டர் சுமலதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இயற்பியல் படித்துவிட்டுக் காக்கி மாட்டியவள் அவள். படிப்பு பாழாய்ப் போச்சு என்று அம்மா இன்றும் புலம்புவாள்.

"வழக்கமான இணைவுல, பிளாஸ்மாவோட பத்து கோடி டிகிரி சூட்டைக் காந்தத்தால அடக்கறதுதான் பாடு. உங்க குளிர் இணைவுல சூடு வந்துச்சுன்னு நிரூபிக்கறதே பாடாச்சே?" என்று செல்வகுமாரைக் கேட்டாள்.

"நேத்து ஜாடி கொதிச்சுதே! அவன் பொண்டாட்டியே பார்த்தாங்க."

நெடுமாறனின் மனைவி கார்குழலி சுவரோரம் விறைத்து நின்றாள். "பல வருசப் பாடும்மா. ஜெயிச்சுட்டாருன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

சுமலதா செல்வகுமாரிடம் திரும்பினாள்.

"அவர் விழுந்தப்ப எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான். வெள்ளிக்கிழமை பூசை. ரெண்டு பேரும் சாமி கும்புட்டுனு இருந்தோம்."

வாசலில் நெடுமாறனின் ரப்பர் செருப்பு மட்டும் கிடந்தது. சுமலதா, பாவாடை என்ற கான்ஸ்டபிளை அனுப்பி மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னாள். பிறகு உள்ளே போனாள். மஞ்சள்நீர் தெளித்த தரை ஈரமாக இருந்தது. சட்டத்தின் அடியில் துழாவினாள். மறைத்து வைத்த ஹீட்டர் சுருள் ஒன்று அகப்பட்டது. அதன் வயரை யாரோ இரும்போடு முறுக்கியிருந்தார்கள்.

"ஜாடி கொதிக்கிற அளவுக்கு இணைவு நடந்தா, அதுல கிளம்பற நியூட்ரான் கதிர் பக்கத்துல நிக்கறவனையும் விடாது. நீ குத்துக்கல்லாட்டம் நிக்கறே. கொன்னது கரண்டு, செல்வகுமார்."

"எனக்கென்ன தெரியும் மேடம்?"

"வெள்ளிக்கிழமை மட்டும்தான் அவர் செருப்பைக் கழட்டிட்டு, ஈரத்துல நின்னு அந்த இரும்புக்குப் பொட்டு வைப்பார். அது உனக்குத் தெரியும். சாமி கும்புட வந்தவன் ரப்பர் பூட்சைக் கழட்டலையே, ஏன்? உன் தடம் சட்டம் வரைக்கும் போயிருக்கு."

செல்வகுமார் தன் காலைக் குனிந்து பார்த்தான்.

"ஜாடியைக் கொதிக்க வைக்க நான் ஒளிச்ச சுருளை நேத்து சாயங்காலம் கண்டுபிடிச்சுட்டான். ஊருக்கே சொல்லிடுவேன்னான். என் மானம் போயிருக்கும் மேடம்."

கார்குழலி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஜெயிச்சுட்டாருன்னு ராத்திரி தெருவுக்கே கேசரி கிண்டிக் குடுத்தேம்மா," என்றாள். "அவர் ஒரு வாய் கூடத் தொடல. அசதின்னு நெனச்சேன்."