ஆடிய ஸ்டூல்

அரைப்படிக்குப் பத்து வயது. பார்ப்பவர்கள் ஏழு என்றுதான் சொல்வார்கள். வகுப்பில் யாரோ வைத்த அந்தப் பட்டப்பெயர் வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது.

ஆண்டவர் மற்ற பிள்ளைகளை எல்லாம் நிதானமாகச் செய்துவிட்டு, தன் முறை வந்தபோது மட்டும் அவசரப்பட்டுவிட்டார் என்பது அவள் கட்சி. அதனால் தினமும் ஜெபத்தில் ஒரு விரற்கடை உயரம் கேட்பாள். அது இன்னும் வந்து சேரவில்லை.

இன்று மாலை ஆராதனையில் பிள்ளைகள் சார்பாக அவள் ஜெபம் சொல்ல வேண்டும். "எங்களைச் செய்தவரே, உமது கைவேலையை நம்புகிறோம்" என்று அது தொடங்கும். மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால், அந்த வரியைச் சொல்லும்போதெல்லாம் அவள் குரல் இறங்கிவிடும். ஒத்திகையில், வேதப் புத்தகம் வைக்கும் வாசிப்பு மேடைக்குப் பின்னால் நின்றபோது வெளியே தெரிந்தது அவளுடைய ரிப்பன் மட்டும்தான். "ரிப்பன் நல்லா ஜெபம் பண்ணுது" என்று ஒரு பையன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அரைப்படியின் அப்பா தச்சர். விஷயம் தெரிந்ததும், அவள் ஏறி நிற்க ஒரு ஸ்டூல் செய்தார். மதியம் அதை முடித்து வைத்துவிட்டு, அதில் ஏறி நின்று பழகிக்கொள்ளச் சொன்னார். பிறகு ஒரு வீட்டுக் கதவுக்குக் கீல் மாற்றப் போனார்.

அரைப்படி பட்டறையில் ஜன்னலோரம் ஸ்டூலை வைத்து ஏறினாள். டக்கென்று அது ஒரு பக்கம் சாய்ந்தது. சுவரைப் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பாள்.

சபை முன்னால் இப்படி விழுந்தால் காலம் முழுக்கச் சிரிப்பார்களே. அப்பாவும் தன் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டாரா?

குனிந்து பார்த்தாள். ஒரு கால் கொஞ்சம் நீளம் போலத் தெரிந்தது. சின்ன ரம்பத்தை எடுத்து, அந்தக் காலில் ஒரு வில்லை அறுத்தாள். இப்போது ஸ்டூல் மறுபக்கம் ஆடியது. அந்தப் பக்கக் காலில் கொஞ்சம் அறுத்தாள். இப்போது வேறொரு கால் நீளமாகத் தெரிந்தது. அதையும் அறுத்தாள். அறுக்க அறுக்க அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. ஸ்டூலும் அவளைப் போலவே குட்டையாகிக்கொண்டே வந்தது.

ஒருவழியாக ஆட்டம் நின்றது. அப்பாடா என்று அதைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக் கூடத்தில் வைத்தாள். பளிங்குபோல் சமமான தரை. அங்கே ஸ்டூல் முன்பைவிட மோசமாக ஆடியது.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கூடத்தில் சின்ன பெஞ்சு ஒன்று இருந்தது. அதுவும் அப்பா செய்ததுதான். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் ஆடியதில்லை. அதை இழுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் ஜன்னலோரம் வைத்தாள். டக்.

பெஞ்சும் ஆடியது.

ஜன்னலோரத் தரையில்தான் குழி இருந்திருக்கிறது. ஸ்டூலில் ஒரு குறையும் இருந்ததில்லை. அரைப்படி மரத்தூளின் நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவர் வேலையில் தப்பு கண்டுபிடித்துவிட்டோமே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

ஸ்டூலை ஒளித்து வைக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. ஒளித்து வைத்தால் மட்டும் கால் வளர்ந்துவிடுமா?

"அப்பா, ஸ்டூல் காலை நான் அறுத்துட்டேன். நீங்க தப்பா செஞ்சிட்டீங்கன்னு நினைச்சேன். ஆனா தரைதான்பா கோணல்."

அப்பா பட்டறைக்குள் வந்தார். ஸ்டூலைக் கவிழ்த்து, வெட்டிய இடங்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவினார்.

"ரம்பம் நேராத்தான் போயிருக்கு," என்றார் கடைசியில். "நாளைக்கு இதைச் சரிபண்ணிடலாம். இப்போ நேரம் இல்லையே. என்ன பண்ணப் போற?"

அவள் யோசித்தாள். பிறகு, தரையில் கிடந்த வில்லைகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஆராதனையில் அவள் முறை வந்தது. ஸ்டூலை வாசிப்பு மேடைக்குப் பின்னால் வைத்து, மேடையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். கண்வரைக்கும்தான் வெளியே தெரிந்தாள். எங்கோ ஒரு 'களுக்' கேட்டது. காது சூடானது.

அந்த மேடை பெரியவர்கள் உயரத்துக்குச் செய்தது. அதற்குத் தான் என்ன செய்வது? அப்படி நினைத்ததுமே அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இறங்கி, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு முன்னால் வந்து வைத்தாள். ஏறினாள். ஸ்டூல் ஆடியது. முன்வரிசையில் அப்பா பாதி எழுந்துவிட்டார்.

அரைப்படி கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னாள். இறங்கி, பையிலிருந்து ஒரு வில்லையை எடுத்துத் தூக்கி நின்ற காலுக்கு அடியில் செருகினாள். சரியாக இல்லை. சபையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு வில்லையை எடுத்துச் செருகினாள். சும்மாவா, அங்கிருந்து வெட்டியதாயிற்றே, கச்சிதமாகப் பொருந்தியது.

மறுபடி ஏறினாள். ஸ்டூல் அசையவில்லை. தலை முதல் கால் வரை அவள் எல்லோருக்கும் தெரிந்தாள். ரிப்பன் பையன்கூட வாயை மூடிக்கொண்டான்.

"எங்களைச் செய்தவரே," என்று தொடங்கினாள். "உமது கைவேலையை நம்புகிறோம்." இந்த முறை குரல் இறங்கவில்லை. கடைசி வரிசைவரை போனது.

அன்று படுக்கப் போகும்போது ஜெபத்தில் அவள் விரற்கடை எதையும் கேட்கவில்லை. "அந்தப் பட்டறைத் தரையை மட்டும் முதல்ல சரிபண்ணுங்கப்பா" என்று அப்பாவைத்தான் நச்சரித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.