ஈரம் பார்க்கப் போன கை

எழுபது வருஷத்துப் பழைய வீடு. வாங்கிய முதல் குளிர்காலத்திலேயே எங்களுக்குப் பல் தந்தியடித்தது. வெளிச்சுவர் இரண்டு அடுக்குச் செங்கல், நடுவே நான்கு விரல் இடைவெளி. குளிர் உள்ளே வராமலிருக்க அந்த இடைவெளியில் நுரை அடித்து நிரப்புவதா, வெளிப்பக்கம் தெர்மாகோல் பலகை ஒட்டுவதா என்று எனக்கும் மனைவிக்கும் ஒரு மாதமாக இழுபறி. கடைசியில் அவள் தம்பியையே கூப்பிட்டோம். அவனுக்கு அதுதான் தொழில்.

ஞாயிறு காலை, நல்ல வெயில். வடக்குச் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தான்.

"பலகை ஒட்டினா ஜன்னலெல்லாம் பொந்துக்குள்ள போன மாதிரி ஆயிடும் மாமா. நுரையே அடிச்சுடலாம். ஆனா உள்ள ஈரம் இருந்தா வேலைக்காகாது. கைய விட்டுப் பார்த்துடறேன்."

"பாம்பு கீம்பு இருக்கப் போகுது மாப்ள."

"எங்க அக்காகூட இருபது வருஷம் வளர்ந்தவன் நான். பாம்புக்கா பயப்படுவேன்?"

மனைவி ஜன்னல் வழியே ஈரத்துணியை அவன்மேல் எறிந்தாள்.

சிரித்தபடி ஒரு செங்கல்லைப் பெயர்த்தான். உள்ளிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. பச்சை இறைச்சியின் வாடை. எலி செத்திருக்கும் என்று சொல்லிவிட்டு முழங்கைவரை கையை விட்டான்.

"ஈரமில்ல. சூடா இருக்கு. என்னமோ..."

நிறுத்தினான்.

"மாமா," குரல் கிசுகிசுப்பாக இறங்கியது, "யாரோ என் கையப் பிடிச்சிருக்காங்க."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். அவன் உதடு வெளுத்திருந்தது.

பிறகு இழுத்தது.

தோள் செங்கல்லில் மோதி எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தேன். ஒரு நொடி விடும். மறுபடி வெடுக்கென்று இழுக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் அவன் முகம் சுவரில் அறைபட்டு, கன்னத்துத் தோல் உரிந்து தொங்கியது.

"விடு! என் தம்பிய விடு!" மனைவி ஓடிவந்து சுத்தியலால் சுவரை அடித்தாள்.

உள்ளேயிருந்து யாரோ திருப்பி அடித்தார்கள்.

அதே வேகத்தில்.

சட்டென்று நானும் அவனும் மல்லாக்க விழுந்தோம். அவன் கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மறுநாளே இரண்டு கொத்தனார்களை வைத்து, கூரைக்கு முட்டுக்கொடுத்து, அந்தச் சுவரைத் தரைமட்டமாக்கினேன். காய்ந்த சுண்ணாம்புத்தூள் மட்டும்தான் கிடந்தது. கை இல்லை. உள்ளே ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை.

நான்காம் நாள் அவனைப் பார்க்கப் போனேன். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துப் படுத்திருந்தான்.

"பயப்படாத மாப்ள. அந்தச் சுவரே இப்ப இல்ல. புதுசா எழுப்பறதுல இடைவெளியே வைக்கல. வெளிய பலகைதான்."

அவன் கண்ணோரம் நீர் வழிந்தது.

"அப்ப ஏன் மாமா இன்னும் இழுக்குது?"

கட்டுப்போட்ட கை தானாக விறைத்து நீண்டது.

நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போட்டிருந்த அந்த இரும்புக் கட்டில், தரையைக் கீறிக்கொண்டு, சுவரை நோக்கி ஓர் அடி நகர்ந்தது.